ஒத்தக்கொடி

குராபில்
4 மே 2025

நியல்,

ஃபோன்ல என் நம்பரை நீ ப்ளாக் பண்ணி வெச்சிருக்கறதால பேப்பர்ல எழுதறேன். நான் கடைசியா லெட்டர் எழுதி இருபது வருஷம் இருக்கும். கையெழுத்து புரியலன்னா கண்ணாடி போட்டுக்கோ.

நேரா விஷயத்துக்கு வரேன். இந்த சீசனோட நம்ம குராபில் ஆஸ்திரேலிய ஃபுட்பால் கிளப் முடிஞ்சுது. டீமுக்குப் பதினெட்டு ஆம்பளைங்களத் திரட்ட முடியல. போன வாரம் பேக்கரிக்காரனோட மச்சான இறக்கினோம், அவனுக்கு அம்பத்தொண்ணு. அடுத்த வருஷம் பக்கத்து ஊர் நாலிங்கோட சேந்து ஒரே டீம், ஆட்டமெல்லாம் நாலிங்லதான். நூறு வருஷமா எவனை வாய் வலிக்கத் திட்டினோமோ அவன் சட்டையப் போட்டுக்கிட்டு நம்ம பசங்க ஓடப்போறானுங்க. நம்ம மைதானத்துல கடைசி ஆட்டம் ஆகஸ்ட் 16, சனிக்கிழமை.

அன்னிக்கு என் பொண்ணு ஜெம்மாவோட சாம்பல்ல ஒரு பங்கு எனக்கு வேணும். இங்க வழக்கம் உனக்கே தெரியும். கிளப்புக்கு உழைச்சவங்கள கோல் கம்பத்துக்கு முன்னாடி இருக்கற புல்லுல தூவுவோம். எங்கப்பா அங்கதான் இருக்காரு. அவ அம்மாவும் அங்கதான். பொண்ணு மட்டும் உன் ஃப்ளாட்ல டிவி பக்கத்துல எதுக்கு?

டிவின்னதும் ஞாபகம் வருது. நேத்து உங்க பட்டணத்து ஆட்டத்தப் பாத்தேன். ஆட்டமா அது? முப்பத்தாறு பேரும் பந்து மேல ஈ மாதிரி மொய்க்கறானுங்க, அந்தப் பக்கம் பாதி மைதானம் மேய ஆடில்லாமக் கெடக்கு. கோல் நடுவர்னு ஒருத்தன். வெள்ளைக் கோட்டு இல்ல, தொப்பி இல்ல, சைக்கிள் ரிப்பேர்காரன் மாதிரி ஒரு பனியன், காதுல ஒரு வயர். மூக்குக்கு முன்னாடி பந்து போகுது. இவன் கொடிய எடுக்காம, டாய்லெட் வாசல்ல நிக்கறவன் மாதிரி நெளியறான். எதுக்கு? எங்கயோ ஒரு பெட்டிக்குள்ள உக்காந்து சினிமாவ முன்னயும் பின்னயும் ஓட்டற உன்ன மாதிரி ஒருத்தன் சொல்லணுமாம். ரெண்டு நிமிஷம் எழுபதாயிரம் பேர் வாயப் பொளந்துக்கிட்டு நின்னாங்க. இதுக்கு உனக்குச் சம்பளம் வேற.

இறுதிச் சடங்கு அன்னிக்கு நான் சொன்ன ஜோக்குக்கு எல்லாரும் சிரிச்சாங்க. நீ ஒருத்தன்தான் எழுந்து போன. அத மனசுல வெச்சுக்கிட்டு இதுக்கு முடியாதுன்னு சொல்லாத.

ரெக்ஸ் பாஸ்கோ

*

மெல்போர்ன்
18 மே 2025

ரெக்ஸ்,

முடியாது.

காரணம் கேட்பீர்கள் என்பதால் எழுதுகிறேன். நீங்கள் ஜோக் என்று சொல்வதை அப்படியே தருகிறேன்: “என் பொண்ணு வாழ்க்கையில ரெண்டே தப்புதான் பண்ணா. ஒண்ணு 2009 ஃபைனல்ல. இன்னொண்ணு இதோ முன்வரிசைல டை கட்டிட்டு உக்காந்திருக்கு.” சவப்பெட்டி உங்களிடமிருந்து ஒன்றரை மீட்டர் தூரத்தில் இருந்தது. என்னைப் பற்றிச் சொன்னது எனக்குப் பொருட்டில்லை. முதல் தப்புக்காகத்தான் எழுந்து போனேன்.

அந்தக் கதையை உங்கள் வாயால் பதினொரு முறை கேட்டிருக்கிறேன். எல்லாக் கிறிஸ்துமஸ்களிலும் ஒரு முறை, எங்கள் கல்யாண விருந்தில் ஒரு முறை. ஜெம்மாவுக்குப் பதினேழு வயது. உங்கள் லீகில் ஒவ்வொரு கிளப்பும் தன் ஆள் ஒருவரைக் கோல் நடுவராகக் கொண்டு வர வேண்டும். குராபில் ஆள் அவள். குராபில் நான்கு புள்ளி பின்னால். ஆட்டம் முடியும் சைரன் அடிக்கச் சில நொடிகள் இருக்கும்போது உங்கள் ஆள் ஒருவனின் உதை. இரண்டு கம்பங்களுக்கு நடுவில் சுத்தமாகப் போனால் ஆறு புள்ளி, கோப்பை உங்களுக்கு. கம்பத்தில் உரசினாலும் ஒரே புள்ளிதான். மைதானத்தைச் சுற்றி நிறுத்தியிருந்த வண்டிகள் எல்லாம் கோல் என்று ஹாரன் அடித்தன. கோல் என்றால் நடுவர் இரண்டு விரலைக் காட்டி இரண்டு கொடியை ஆட்ட வேண்டும். அவள் ஒரு விரலைக் காட்டினாள். ஒரு கொடியை ஆட்டினாள். அன்றிலிருந்து உங்கள் ஊரில் அவள் பெயர் ஒத்தக்கொடி.

பேக்கரியில் ரொட்டி வாங்கினால், “ஒண்ணு போதுமா ஒத்தக்கொடி?” அவளுக்கு முப்பது வயதானபோதும் அப்படித்தான் கேட்டார்கள், நான் பக்கத்தில் நின்றேன். அவள் சிரித்தாள். காரில் ஏறியதும் சிரிப்பை நிறுத்தினாள்.

அந்த ஊர்ப் புல்லில் அவளைத் தூவ வேண்டுமாம்.

பழைய ஆட்டத்துக்காக நீங்கள் ஏங்குவதைப் பார்த்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அது என்ன ஆட்டம் என்று எனக்குத் தெரியும், பழைய படச்சுருள்களை டிஜிட்டலாக மாற்றுவதும் என் வேலைதான். நடுவர் திரும்பியிருக்கும்போது பின்னாலிருந்து தாடையில் குத்துவது, அதற்குக் கைதட்டல். மயங்கி விழுந்தவன் மூக்கில் மயக்கம் தெளிவிக்கும் உப்பைக் காட்டி மறுபடி உள்ளே தள்ளுவது. உங்கள் நண்பர் லெஸ் நூற்று எண்பது ஆட்டம் ஆடினார். இப்போது தன் மனைவியைப் பார்த்து நீ யார் என்று கேட்கிறார். அதுதான் உங்கள் பொற்காலம். நாங்கள் விளையாட்டுக்காரன் முதுகில் தீப்பெட்டி அளவு கருவியை ஒட்டுகிறோம், எவ்வளவு ஓடினான், எவ்வளவு மோதினான் என்று பார்க்கிறோம். கேவலம்தான். ஆனால் எவனும் மனைவியை மறப்பதில்லை.

எனக்கும் எதுவும் மறக்கவில்லை. ஜனவரி 19, காலை 7.40. சமையலறை. மூளையில் ஒரு நரம்பு வெடித்தது. டோஸ்டரிலிருந்து ரொட்டி எகிறியபோது அவள் தரையில் இருந்தாள். தேதியும் நேரமும் பதிவாகியிருக்கின்றன. அதற்குப் பிறகு எனக்குள் வேறெதுவும் பதிவாகவில்லை.

நியல்

*

குராபில்
25 மே 2025

நியல்,

லெஸ்ஸப் பத்திப் பேச உனக்கு என்ன யோக்கியதை? வாரம் ரெண்டு தடவ அவனுக்கு ஷேவ் பண்ணி விடறது நான். நீ சொன்ன மாதிரியேதான் நடக்கும். நாலு விரலக் காட்டி எத்தனன்னு கேப்போம், அவன் மூணுன்னுவான், கிட்டத்தட்ட வந்துட்டான் உள்ள போடான்னுவோம். ஒத்துக்கறேன். ஆனா அவன் பேரு ஊருக்கே தெரியும். உங்க ஆளுங்களுக்கு ஆளே தெரியல, நம்பருதான் தெரியுது. பதினாலு கிலோமீட்டர் ஓடினானாம். தபால்காரன் கூடத்தான் ஓடறான்.

எங்க காலத்துல வெளிய வந்தவன் வந்தவன்தான், திரும்ப உள்ள போக முடியாது. காலு உடைஞ்சாலும் மூலையில நொண்டிக்கிட்டு நிப்பான். இப்ப பஸ் ஸ்டாண்டு கணக்கா ஏறி எறங்கறானுங்க, ஆட்டத்துக்கு நூத்தம்பது தடவ. தரையத் தொட்டு எழும்பற நொடில பந்த உதைக்கறது எங்களுக்குக் கை வந்த கலை, அறுபது மீட்டர் போகும். இப்ப அத ஒருத்தன் செஞ்சா கோச் வீட்டுக்கு அனுப்பிடுவான், ரிஸ்க்காம். சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணின்னா எல்லா மைதானத்துலயும் ஒரே நேரத்துல பந்து எழும்பும். இப்ப வியாழக்கிழமை ராத்திரி, திங்கக்கிழமை ராத்திரி, டிவிக்காரன் எப்ப சொல்றானோ அப்ப. மெல்போர்ன்ல ஒரு பேட்டையோட டீமையே மூட்டை கட்டி சிட்னிக்கு அனுப்பினப்பவே நான் சொன்னேன், இவனுங்க வித்துடுவானுங்கன்னு. வித்துட்டானுங்க. மிச்சம் இருந்தது எங்கள மாதிரி ஊரு. அதுவும் ஆகஸ்ட் 16-ஓட சரி.

ஜெம்மா விஷயத்துல ஒண்ணு தெரிஞ்சுக்கோ. பதினாலு வயசு வரைக்கும் அவ பசங்களோட ஆடினா. எந்தப் பயலும் அவ கிட்டருந்து பந்தப் பிடுங்கினதில்ல. பதினாலு ஆனதும் லீக்லருந்து லெட்டர் வந்துது, பொண்ணு இனிமே ஆடக் கூடாதுன்னு. மூணு நாள் சாப்பிடல. நான்தான் அவளுக்கு வெள்ளைக் கோட்டும் ரெண்டு கொடியும் வாங்கிக் கொடுத்து, கோல் நடுவரா நில்லுன்னு சொன்னேன். இப்ப தெருவுக்குத் தெரு பொண்ணுங்க டீம் இருக்கு. பத்து வருஷம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா? இந்த ஒரு மாத்தத்தப் பத்தி மட்டும் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

ஆனா அந்த ஃபைனல் தப்புதான். என் வண்டி கோலுக்குப் பின்னாடி, வேலில மூக்கு முட்ட நின்னுது. அந்த இடத்துக்காகக் காலைல ஆறு மணிக்கே வந்து போட்டேன். கம்பத்துலருந்து பன்னெண்டு எட்டு தூரம்தான். பந்து நடுவுல போச்சு. என் கண்ணால பாத்தேன். பொண்ணுங்கறதுக்காகப் பொய் சொல்ல முடியாது.

ரெக்ஸ்

*

மெல்போர்ன்
22 ஜூன் 2025

ரெக்ஸ்,

அவள் அலமாரியைக் காலி செய்தேன். குளிர்காலச் சட்டைகளுக்கு அடியில் ஒரு குறுந்தகடு. மேலே அவள் கையெழுத்தில் 2009. மருந்துக்கடைக்காரர் மனைவி பார்வையாளர் மேடையிலிருந்து எடுத்த வீடியோ அது, நகல் கொடுத்திருக்கிறார். எனக்கு அதைப் பற்றித் தெரியும். கல்யாணமான புதிதில் நான் கேட்டேன்.

“குடு, ஆஃபீஸ்ல போட்டுப் பாத்துட்டு வரேன். பத்து நிமிஷ வேலை.”

“வேண்டாம்.”

“உங்கப்பா வாயை அடைச்சிடலாம்டி.”

“நியல், எனக்குத் தெரியும். தெரிஞ்சதை எதுக்குத் தேடணும்?”

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. இப்போது அவளைக் கேட்க முடியாது. எனவே எடுத்துப் போய்ப் பார்த்தேன். மூன்று வாரம், வேலை முடிந்த பிறகு, அந்தப் பதினோரு நொடியை மட்டும். தூங்குவதைவிட எளிதாக இருந்தது.

முதலில் படம். ஒரு நொடிக்கு இருபத்தைந்து படங்கள். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் பந்து முக்கால் மீட்டர் நகர்ந்துவிடுகிறது. கம்பத்தின் தடிமன் ஒரு சாண்கூட இல்லை. ஒரு படத்தில் பந்து கம்பத்துக்கு இந்தப் பக்கம், அடுத்ததில் அந்தப் பக்கம். உரசியதா இல்லையா என்று இந்தப் படத்தை வைத்து எவனாலும் சொல்ல முடியாது. நீங்கள் இளிப்பது தெரிகிறது. இளியுங்கள். நான் உட்காரும் பெட்டியிலும் பாதி நாள் இதே கதைதான். அப்போது நாங்கள் ஒரே ஒரு வாக்கியம் சொல்வோம்: நடுவர் சொன்னதே நிற்கட்டும்.

அடுத்தது ஒலி. அங்கேதான் உங்களைக் கண்டுபிடித்தேன்.

முதலில் கேட்கும் ஹாரன் உங்களுடையது. கோதுமை லாரியிலிருந்து கழற்றி உங்கள் வண்டியில் மாட்டியது, இரட்டைக் குரல், அந்த மாவட்டத்தில் வேறு யாருக்கும் கிடையாது. மேடைக்குச் சத்தம் வந்து சேர எடுக்கும் கால் நொடியைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டேன். பந்து கம்பத்தை அடைவதற்கு அரை நொடி முன்பே நீங்கள் ஹாரனை அழுத்திவிட்டீர்கள். அப்போது பந்து பத்து மீட்டர் தள்ளிக் காற்றில் இருந்தது. அதைக் கேட்டு மற்ற வண்டிகள் அடித்தன. மொத்தம் நாற்பதுக்கு மேல். ஊரே கோல் என்று நம்பியது பந்தைப் பார்த்து அல்ல, உங்கள் ஹாரனைக் கேட்டு. பதினேழு வயதுப் பெண் அத்தனை ஹாரனுக்கும் எதிராக ஒற்றை விரலைத் தூக்கி நின்றாள்.

இன்னொன்று. வண்டியின் முன் கண்ணாடி வழியாக நீங்கள் மங்கலாகத் தெரிகிறீர்கள். பந்து கம்பத்தைக் கடக்கும் அந்த இரண்டு படங்களிலும் உங்கள் நெற்றி ஸ்டியரிங் மேல் கவிழ்ந்திருக்கிறது. நீங்கள் பார்க்கவே இல்லை.

கண்ணால பாத்தேன் என்று பதினாறு வருஷம் சொன்ன மனிதர்.

நியல்

*

குராபில்
1 ஜூலை 2025

உன் பெட்டிய அணைச்சிட்டுப் போய்த் தூங்கு.

ரெக்ஸ்

*

மெல்போர்ன்
13 ஜூலை 2025

ரெக்ஸ்,

தூங்கவில்லை. இன்னொரு தடவை கேட்டேன்.

நீங்கள் இரண்டு தடவை அழுத்தியிருக்கிறீர்கள். முதலில் சின்னதாக ஒன்று. கையை எடுத்தீர்கள். பிறகு நீளமாக ஒன்று. நடுவில் கால் நொடி இடைவெளி இருக்கிறது. பந்து கம்பத்தைக் கடந்தது சரியாக அந்த இடைவெளியில். மேடையிலிருந்த கருவிக்கு அதற்குள் மற்ற வண்டிகளின் ஹாரன் வந்துவிட்டது, அடியில் என்ன இருந்தாலும் எடுக்க முடியவில்லை. இருக்கிற எல்லா வடிகட்டியையும் போட்டுப் பார்த்தேன்.

ஆனால் அந்த வண்டிகள் உங்களுக்குத் தூரம். கம்பம் உங்களுக்குப் பன்னிரண்டு எட்டுத் தூரம்தான். வீடியோவில் உங்கள் முழங்கை வெளியே தெரிகிறது. கண்ணாடி இறங்கியிருக்கிறது.

அந்த இடைவெளியில் என்ன கேட்டது என்று சொல்லக்கூடியவர்கள் உலகத்தில் இரண்டே பேர் இருந்தார்கள். இப்போது ஒருவர்தான்.

சொல்லாவிட்டால் சாம்பலைப் பற்றி இனி எழுத வேண்டாம். கடிதத்தைப் பிரிக்க மாட்டேன்.

நியல்

*

குராபில்
3 ஆகஸ்ட் 2025

நியல்,

டொக்னு கேட்டுது.

இதுக்கு மேல எழுதாம இத அப்படியே உறையில போட்டுடலாம்னு இருந்தேன். ரெண்டு நாள் மேசைலயே கெடந்துது. போதாதுன்னு தோணிச்சு.

நீ கண்டுபிடிச்சதெல்லாம் சரி. அந்த உதைய என்னால பாக்க முடியல. தலைய ஸ்டியரிங்ல கவுத்துக்கிட்டேன். இருபத்தாறு வருஷமாக் கோப்பை இல்லாத ஊரு, நான் கிளப் தலைவரு, கோல்ல நிக்கறது என் பொண்ணு. கை தானா ஹாரன் மேல போச்சு. ஆசைல அடிச்சேன். அடிச்சுட்டுக் கைய எடுத்தேன் பாரு, அப்ப கேட்டுது. மரத்துல பந்து பட்டா எப்படி இருக்கும்னு எனக்கா தெரியாது? பதினஞ்சு வருஷம் ஆடி, கம்பத்துல அடிச்சு அடிச்சுத் திட்டு வாங்கினவன். கம்பத்துக்குக் கீழ மெத்த சுத்தியிருக்கும், அதுல பட்டா ஊமையா இருக்கும். இது மேல, வெறும் மரத்துல. டொக்.

அப்பறம்தான் நான் ரெண்டாவது தடவ அழுத்தினேன். நீளமா. அந்தச் சத்தத்த மறைக்கத்தான் அழுத்தினேன்னு நீ எழுதல. உனக்குத் தோணியிருக்கும். சரிதான்.

அன்னிக்கு ராத்திரி கிளப் சாப்பாட்டுக்கு முன்னாடியே கிளம்பிட்டோம். வண்டில அவ பக்கத்துல, இன்னும் அந்த வெள்ளைக் கோட்டு. யாரோ பீர ஊத்தியிருந்தாங்க, நனஞ்சிருந்துது. ரயில்வே கேட்டு வந்ததும் கேட்டா.

“அப்பா, உங்களுக்குக் கேட்டுச்சா?”

“நான் கண்ணால பாத்தேன்”னேன்.

அவ கேட்டது ஒண்ணு, நான் சொன்னது ஒண்ணு. அவ அத கவனிச்சா. என் பொண்ணாச்சே. தலைய ஜன்னல் பக்கம் திருப்பிக்கிட்டா. அதுக்கப்பறம் ஒரு தடவ கூட அந்தக் கேள்விய என்னக் கேக்கல. நான்தான் ஓயாமப் பேசினேன். ஜோக்கா ஆக்கிட்டா எவனும் நெஜமாக் கேக்க மாட்டான். அவ கல்யாணத்துல, உன் வீட்டுல, சவப்பெட்டி பக்கத்துல நின்னுக்கிட்டு. அங்க கூட வாய மூட முடியல எனக்கு.

உங்க ஆட்டத்தப் பாத்து நான் காறித் துப்பறேனே, பெட்டிக்குள்ள உக்காந்து ஒருத்தன் சொல்றான்னு. அப்படி ஒரு பெட்டி அன்னிக்கு இருந்திருந்தாலும் நடுவர் சொன்னதே நிக்கட்டும்னுதான் சொல்லியிருக்கும்னு நீ எழுதின பாரு. அத நான் நாலு தடவ படிச்சேன். ஒரு மெஷின் அவளுக்குக் குடுத்திருக்கக்கூடிய மரியாதயக்கூட நான் குடுக்கல.

வியாழக்கிழமை பயிற்சிக்கப்பறம் கிளப்ல எல்லாரும் சாப்பிடுவோம்ல, டீம் பேரு படிக்கறதுக்கு முன்னாடி நான் எழுந்து சொன்னேன். அறுபது பேர் இருப்பாங்க. பேக்கரிக்காரன் பாதி சிரிச்சுட்டு நிறுத்திட்டான். “அப்ப நாம அன்னிக்கு நெஜமாவே தோத்துட்டமா?”ன்னான். “தோத்துட்டோம்டா”ன்னேன். சமையல்கட்டுலருந்து மருந்துக்கடையம்மா மட்டும், “அதான் அந்தப் பொண்ணு அப்பவே சொல்லுச்சே”ன்னாங்க. லெஸ் மட்டும் கைதட்டினான். எதுக்குன்னு அவனுக்குத் தெரியாது.

சாம்பலக் கேக்க எனக்கு இனிமே வாயில்ல. நடுவர் ரூம் ஆணில அவ கொடி ரெண்டும் இன்னும் தொங்கிட்டிருந்துது. அதுல ஒண்ணு இதோட அனுப்பறேன். பிடில அவ பல்லு பட்ட தடம் இருக்கும், ஸ்கோர் எழுதறப்ப வாயில கடிச்சுப்பா. அன்னிக்கு ஆட்டினது இதுதான்.

ரெக்ஸ்

*

மெல்போர்ன்
10 ஆகஸ்ட் 2025

ரெக்ஸ்,

கொடி வந்தது. பல் தடத்தைப் பார்த்தேன். மேல் வரிசையில் அந்த ஒரு பல் கொஞ்சம் கோணல். ஜனவரிக்குப் பிறகு முதல் தடவை அழுதேன். எத்தனை மணிக்கு என்று பார்க்கவில்லை.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அவள் கேட்ட கேள்விக்குப் பதினாறு வருஷம் பிந்திப் பதில் வந்திருக்கிறது, அதுவும் எனக்கு. அதற்கெல்லாம் எந்தப் பெட்டியிலும் பொத்தான் கிடையாது.

சனிக்கிழமை வருகிறேன். அவளையும் கொண்டு வருகிறேன். முழுவதையும். பங்கு போட எனக்கு மனம் வரவில்லை. கோலுக்கு முன்னால் இருக்கும் புல்லில் வேண்டாம், அங்கே உதைப்பவர்கள் நிற்பார்கள். கம்பத்தின் அடியில், அவள் நின்ற இடத்தில் தூவுவோம். கொடியையும் எடுத்து வருவேன். யாரும் பேசக் கூடாது. முக்கியமாக நீங்கள்.

உங்கள் வண்டியை அதே இடத்தில் நிறுத்துங்கள். வேலியில் மூக்கு முட்ட. கண்ணாடியை இறக்கிவிடுங்கள். ஹாரன் எவனும் அடிக்கக் கூடாது என்று சொல்லிவையுங்கள். தலையை நிமிர்த்தி உட்காருங்கள்.

நான் பந்தால் கம்பத்தில் ஒரு தட்டுத் தட்டுவேன், மெத்தைக்கு மேலே, வெறும் மரத்தில்.

கேட்டால், எல்லாரும் பார்க்க ஒரு விரலைத் தூக்குங்கள்.

நியல்